கோர் 66 டிகிரி, ஃபேன் 2250 ஆர்பிஎம்: ஒரு கஸ்டம் கார்டோட கூலிங்கையும் சத்தத்தையும் அளந்து பாத்த கதை

கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் அவனோட கிராஃபிக்ஸ் கார்டைப் பத்தி ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தான். ஆர்டிஎக்ஸ் 3080, ஆனா சிப்பை டிசைன் பண்ற என்விடியாவோட சொந்த கார்டு டிசைன் இல்ல, ஒரு கம்பெனி தனியா போர்டு தனியா கூலர்னு போட்டு வித்த கஸ்டம் கார்டு, மூணு ஃபேன், கிட்டத்தட்ட மூணு ஸ்லாட் தடிமன். "அண்ணே, கேம் போட்ட பத்து நிமிஷத்துல ஃபேன் கத்த ஆரம்பிக்குது, ஆனா டெம்பரேச்சர் பாத்தா 66தான் காட்டுது, அப்புறம் எதுக்கு இவ்ளோ வேகமா சுத்துது?"ன்னு கேட்டான். தூசி தட்டியாச்சு, கேபினெட் ஃபேன் மாத்தியாச்சு, டிரைவரை அழிச்சு மறுபடியும் போட்டாச்சு, ஒண்ணும் மாறல. எனக்கு அந்த 66தான் உறுத்திட்டே இருந்துச்சு. இந்த தலைமுறை கார்டுக்கு என்விடியா வெச்சிருக்கிற டெம்பரேச்சர் டார்கெட்டே 83 டிகிரி, 66ல நிக்கிற சிப்புக்காக ஒரு ஃபேன் உயிரைக் குடுத்து ஓட வேண்டிய அவசியமே இல்ல. ஒண்ணு ஃபேன் கர்வ் (எவ்ளோ சூட்டுக்கு ஃபேன் எவ்ளோ வேகம்ங்கிற கணக்கு) மோசமா எழுதியிருக்கணும், இல்ல ஃபேன் வேற எதையோ பாத்து ஓடிட்டு இருக்கணும்.

கார்டை வாரக்கடைசிக்கு வாங்கிட்டு வந்து முறையா அளந்தேன். எப்படி அளந்தேன், எங்க தப்பு பண்ணேன், கடைசில என்ன ஆச்சுன்னு முழுசா எழுதுறேன், இதே மாதிரி கார்டு வெச்சிருக்கிறவங்க நிறைய பேர் கோர் நம்பரை, அதாவது முக்கிய சிப்போட சூட்டை மட்டும் பாத்து நிம்மதியா இருக்காங்க, அவங்களுக்காகத்தான்.

முதல்ல ஒரு விஷயத்தை தெளிவாக்கிடுறேன். கஸ்டம் கார்டுன்னா சிப்பு மட்டும்தான் பொது. ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி காத்துல விடுற உலோக பாகம்), அதுக்கு சூட்டைக் கொண்டு போற ஹீட்பைப், ஃபேன், பவர் சர்க்யூட், கார்டுலயே பதிஞ்சிருக்கிற பயாஸ் புரோகிராம்ல இருக்குற ஃபேன் கர்வ், மெமரி மேல ஒட்டுற, சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்துற தெர்மல் பேட் எவ்ளோ தடிமன்ங்கிறது வரைக்கும் கார்டு செய்யுற கம்பெனி முடிவு பண்றது. அதனால ஒரே பேர்ல இருக்குற ரெண்டு 3080, ஒண்ணு பூனை மாதிரியும் இன்னொண்ணு மிக்ஸி மாதிரியும் இருக்க முடியும். இன்னொண்ணு, கூலிங்கையும் சத்தத்தையும் தனித்தனியா மார்க் போடவே கூடாது. எந்த மட்டமான ஹீட்சிங்கா இருந்தாலும் ஃபேனை முழு வேகத்துல விட்டா குளிர்ந்துடும், எந்த ஃபேனா இருந்தாலும் மெதுவா விட்டா அமைதியா இருக்கும். "என் கார்டு 62 டிகிரிதான்"னு ஒருத்தர் சொன்னா, எத்தனை டெசிபல்லன்னு திருப்பிக் கேக்கணும், அது இல்லாம அந்த 62க்கு அர்த்தமே கிடையாது. கூலரோட நிஜமான தரம் தெரியணும்னா சத்தத்தை ஒரே அளவுல நிறுத்தி வெச்சுட்டு டெம்பரேச்சரைப் பாக்கணும்.

செட்டப் இப்படி. ரூம் 27 டிகிரி, கார்டு காத்து இழுக்குற இடத்துல ஒரு தெர்மாமீட்டர் வெச்சு அதையும் குறிச்சுக்கிட்டே இருந்தேன், ஏன்னா ரூம் ரெண்டு டிகிரி ஏறினா கார்டும் ஏறக்குறைய ரெண்டு டிகிரி ஏறும், அதைக் கவனிக்காம காலைல ஒரு டெஸ்டும் ராத்திரி ஒரு டெஸ்டும் பண்ணிட்டு ஒப்பிட்டா வீண். லோடுக்கு ஃபர்மார்க்ங்கிற ஸ்ட்ரெஸ் டெஸ்ட் புரோகிராமை நம்பல, அது பவர் லிமிட்ல போய் முட்டி கிளாக்கை (சிப்பு ஓடுற வேகத்தை) ரொம்ப கீழ இறக்கிடும், நிஜ கேம் அப்படி நடந்துக்காது. 4கே ரெசல்யூஷன்ல ஒரு கேம் சீனை ஒரே இடத்துல நிறுத்தி அரை மணி நேரம் ஓட விட்டு கடைசி அஞ்சு நிமிஷத்தோட சராசரியை எடுத்தேன். அரை மணி நேரம் எதுக்குன்னா, கோர் மூணு நாலு நிமிஷத்துல செட்டில் ஆயிடும், ஆனா மெமரி, பேக்பிளேட், கேபினெட்டுக்குள்ள இருக்குற காத்து எல்லாம் சேர்ந்து நிலைக்கு வர இருபது நிமிஷமாவது ஆகுது, அஞ்சு நிமிஷ டெஸ்ட்ல எல்லா கார்டும் நல்ல கார்டுதான். சென்சார் நம்பரைப் பதிவு பண்ண (லாக் எடுக்க) ஹெச்டபிள்யூஇன்ஃபோ, ஃபேன் கண்ட்ரோலுக்கு ஆஃப்டர்பர்னர்ங்கிற புரோகிராம்.

சத்தம் அளக்குறதுல இன்னும் கவனம் வேணும். சவுண்ட் மீட்டரை கார்டுல இருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி, ஃபேன் காத்து நேரா மைக்ல அடிக்காத மாதிரி பக்கவாட்டுல வெச்சேன், காத்து பட்டா மீட்டர் சும்மாவே அஞ்சாறு டெசிபல் கூட்டிக் காட்டும். தூரத்தை எழுதாத டெசிபல் நம்பரை யாரும் நம்பாதீங்க, திறந்த வெளில தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் குறையும், ரூமுக்குள்ள சுவர் திருப்பி அனுப்புறதால அதைவிடக் கொஞ்சம் கம்மியா குறையும். பின்னணி சத்தமும் முக்கியம், ராத்திரி ஒரு மணிக்கு மேல சீலிங் ஃபேன் ஏசி எல்லாம் நிறுத்தி, கேபினெட் ஃபேனையும் ப்ராசசர் ஃபேனையும் காதுக்கு எட்டாத வேகத்துக்கு இறக்குனதுக்கு அப்புறம் 25 டெசிபல் வந்துச்சு. நாம அளக்குறது பின்னணியைவிட 10 டெசிபல் மேல இருந்தா பிழை அரை டெசிபலுக்குள்ள அடங்கிடும், வெறும் 3 டெசிபல்தான் மேலன்னா நாம அளக்குறதுல பாதி பின்னணியோட சத்தம். ஃபோன் ஆப் வெச்சு அளக்கலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க, ஒரே ஃபோன் ஒரே இடத்துல வெச்சு முன்ன பின்ன ஒப்பிட ஓரளவு சரி, ஆனா அந்த நம்பரை வெளில சொல்லி இன்னொருத்தர் நம்பரோட ஒப்பிட முடியாது.

முதல் ரன், கார்டு அப்படியே, கேபினெட் மூடி, எல்லாம் ஆட்டோ: கோர் 66, ஹாட்ஸ்பாட் (அதே சிப்புல இருக்கிறதுலயே சூடான புள்ளி) 79, ஃபேன் 2250 ஆர்பிஎம், சத்தம் 43.5 டெசிபல். பவர் 320 வாட், அதாவது என்விடியா சொன்ன அதே அளவு. ரூம் 27ஐ கழிச்சா கோர் 39 டிகிரி மேல, 320ஆல வகுத்தா ஒரு வாட்டுக்கு 0.12 டிகிரி. முழு 320ம் கோர் வழியா வரல, மெமரியும் பவர் சர்க்யூட்டும் அதுல பங்கு போடும், ஆனா ஒரே கார்டை முன்ன பின்ன ஒப்பிட இந்தக் கணக்கு போதும். கூலர் மேல கோவமே வரல, நல்ல ஹீட்சிங்க்தான். ஹாட்ஸ்பாட்டுக்கும் கோருக்கும் 13 டிகிரி வித்தியாசம், அதுவும் ஆரோக்கியமான வித்தியாசம், 25க்கு மேல போனாத்தான் சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல போடுற பேஸ்ட் காஞ்சிருக்கா, கூலர் கோணலா உக்காந்திருக்கான்னு யோசிக்கணும்.

அடுத்த வரியைப் பாத்ததும்தான் விஷயம் புரிஞ்சுது. மெமரி ஜங்ஷன், அதாவது மெமரி சிப்புக்கு உள்ள இருக்குற சூடு, 104 டிகிரி.

தம்பி எனக்கு அனுப்புன ஸ்கிரீன்ஷாட் எதுலயும் இந்த வரி இல்ல, அவன் பாத்துட்டு இருந்த டூல் கோர் மட்டும்தான் காட்டுது. அவன் மேல தப்பே இல்ல, 3080 வந்தது 2020 செப்டம்பர்ல, அதுல இருக்குற ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரியோட சூட்டை நம்மள மாதிரி சாதாரண ஆளு பாக்குறதுக்கு ஹெச்டபிள்யூஇன்ஃபோல வசதி வந்ததே 2021 தொடக்கத்துலதான். அதுக்கு முன்னாடி எழுதுன ரிவியூ பலதுலயும் மெமரி சூடுன்னு ஒரு கட்டமே இருக்காது. இந்த மெமரி சாதாரண ஜிடிடிஆர்6 மாதிரி இல்ல, ரெண்டுக்குப் பதிலா நாலு வோல்டேஜ் லெவல் வெச்சு டேட்டா அனுப்புற வகை, 3080ல 19 ஜிபிபிஎஸ் வேகம், பத்து சிப்பு கோரைச் சுத்தி நெருக்கமா உக்காந்திருக்கு, நல்லாவே சூடாகும். 110 டிகிரி தொட்டா தானாவே கிளாக்கை இறக்கிக்கும். இந்தக் கார்டோட ஃபேன் கண்ட்ரோலர் கோரை மட்டும் பாக்கல, மெமரியையும் பாக்குது, எது அதிகமா கூப்பாடு போடுதோ அதுக்குத் தக்க வேகத்தை ஏத்துது. கோர் குளிர்ச்சியா இருக்குறதே மெமரிக்காக ஃபேன் ஓடுற ஓட்டத்தோட பலன்தான். அந்த 66 கூலரோட பெருமை இல்ல, ஒரு நோயோட அறிகுறி.

ஊகத்தோட விட மனசில்ல, சத்தத்தை நிறுத்தி வெச்சு ஒரு ரன் பண்ணேன். 35 டெசிபலை இலக்கா வெச்சேன், ஹெட்செட் இல்லாமலே உக்காந்து வேலை பாக்கலாம்னு எனக்குத் தோணுற அளவு அது. ஃபேன் சத்தத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு, வேகத்தோட விகிதத்துக்கு லாகரிதம் எடுத்து 50ஆல பெருக்கினா டெசிபல் வித்தியாசம் வரும், அதன்படி 43.5ல இருந்து 35க்கு வரணும்னா 1520 ஆர்பிஎம். நிஜத்துல 1550ல 35.2 காட்டுச்சு, கணக்கு எவ்ளோ நெருக்கமா வருதுன்னு பாத்து உண்மைலயே சந்தோஷப்பட்டேன். ஃபேனை அந்த வேகத்துலயே பிடிச்சு வெச்சு ஓட விட்டா, கோர் 73, ஹாட்ஸ்பாட் 86, ரெண்டும் அருமை. மெமரி பதினெட்டாவது நிமிஷத்துல 110 தொட்டுச்சு, கிளாக் விழுந்துச்சு, ஃப்ரேம் ரேட் தடுமாறிச்சு. சைடு பேனலை கழட்டி வெச்சும் ஒரு ரன் பாத்தேன், நாலு டிகிரி குறைஞ்சுது, அவ்ளோதான். கேபினெட் காத்தோட்டம் பிரச்சினை இல்ல, சூடு மெமரி சிப்புல இருந்து ஹீட்சிங்குக்கே ஒழுங்கா போகல.

வாரண்டி ஏற்கனவே முடிஞ்சிருந்துச்சு, தம்பிகிட்ட கேட்டுட்டுத்தான் திறந்தேன். வாரண்டி மிச்சம் இருந்தா திறக்குறதுக்கு முன்னாடி கம்பெனிகிட்ட பேசுங்க, ஸ்க்ரூ மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை கிழிச்சதுக்கு அப்புறம் பேசுறது கஷ்டம்.

கூலரைத் தூக்கினதும் பேடைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரா சாய்ச்சுப் பாருங்க, அது ஒரு கைரேகை மாதிரி எல்லாத்தையும் சொல்லிடும். ஒழுங்கா அழுந்தின சிப்புக்கு பேடுல சதுரமா நாலு ஓரமும் பதிஞ்சு, சிப்பு மேல அச்சடிச்ச எழுத்தோட தடம் கூட லேசா தெரியும். இந்தக் கார்டுல பத்து சிப்புல ஆறுக்கு அப்படி இருந்துச்சு. ரெண்டுக்கு பாதி சதுரம். பவர் சர்க்யூட் பக்கம் இருந்த ரெண்டு சிப்புக்கு ஒரே ஒரு ஓரத்துல நகக்கீறல் மாதிரி ஒரு கோடு மட்டும், மத்த இடம் எல்லாம் பேட் புதுசு மாதிரி மழமழன்னு இருந்துச்சு, அதாவது அங்க பேடுக்கும் சிப்புக்கும் நடுவுல காத்துதான் இருந்திருக்கு. சென்சார் காட்டுறது இருக்கிறதுலயே சூடான இடத்தை, ஒரே ஒரு சிப்பு சரியா தொடலைன்னாலும் மொத்த கார்டும் அந்த சிப்புக்காகக் கத்தும். அந்தப் பக்கம் ஹீட்சிங்க் தட்டு ஒரு முடி அளவு மேல நின்னுருக்கு, அவ்ளோதான் விஷயம், அதுக்காக ரெண்டு வருஷம் ஒருத்தன் ஹெட்செட் மாட்டிட்டு உக்காந்திருக்கான்.

நான் முதல்ல பண்ண வேலை தப்பான வேலை, அதையும் சொல்றேன். இருந்த பேடைவிட அரை மில்லிமீட்டர் தடிமன் கூட இருக்குற பேடை பத்து சிப்புக்கும் வெட்டி ஒட்டி, புது பேஸ்ட் போட்டு மூடிட்டேன். மெமரி 84க்கு இறங்கிச்சு, ஆனா ஹாட்ஸ்பாட் கோரைவிட 27 டிகிரி மேல போயிடுச்சு. பேட் கொஞ்சம் கெட்டியான ரகம், அழுந்தாம கூலரைத் தூக்கிப் பிடிச்சுக்கிச்சு, கோர் மேல தட்டு முழுசா உக்காரல. மறுபடி திறந்து பாத்தா பேஸ்ட் ஒரு பக்கம் மெல்லிசாவும் எதிர்ப்பக்கம் கெட்டியா களிம்பு மாதிரியும் இருந்துச்சு. பேடோட தெர்மல் கண்டக்டிவிட்டி (சூட்டைக் கடத்துற திறன்) நம்பரைப் பாத்து வாங்குறவங்க இதைக் கவனிக்கணும், மெமரி பேடுக்கு தடிமனும் மெதுத்தன்மையும்தான் முதல்ல, அட்டைல போட்டிருக்கிற வாட் கணக்கு அதுக்கு அப்புறம்தான்.

ரெண்டாவது தடவை தெர்மல் புட்டி போட்டேன், பிசைஞ்ச மாவு பதத்துல இருக்கும், இடைவெளி எவ்ளோ இருக்கோ அதுக்குத் தக்க தானா அழுந்திப் பரவும். ஒவ்வொரு சிப்பு மேலயும் சின்ன உருண்டை வெச்சு, கோரைச் சுத்தி இருக்குற நாலு ஸ்க்ரூவையும் குறுக்கு நெடுக்கா கால் திருப்பு கால் திருப்பா இறுக்கினேன். ஒரு ஸ்க்ரூவை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனா கோணலா உக்காந்துடும்.

அதே ரூம் சூடு, அதே சீன், ஃபேனை 1550லயே பிடிச்சு வெச்சு: கோர் 73, ஹாட்ஸ்பாட் 86, மெமரி 88. கோர் பக்கம் ஒரு டிகிரி கூட மாறல, மெமரி மட்டும் 110ல இருந்து 88. அப்புறம் எல்லாத்தையும் ஆட்டோவுக்கு விட்டேன், கம்பெனி எழுதுன அதே ஃபேன் கர்வ், நான் எதையும் தொடல. ஃபேன் தானாவே 1480ல போய் நின்னுச்சு. கோர் 74, மெமரி 90, சத்தம் 34.6. ஃபேன் வேகம் மூணுல ஒரு பங்கு குறைஞ்சும் வாட்டுக்கு 0.15 டிகிரிதான். கிட்டத்தட்ட 9 டெசிபல் குறைஞ்சிருக்கு, 10 டெசிபல்னா காதுக்கு ஏறக்குறைய பாதி சத்தம்னு பொதுவா எடுத்துக்குவாங்க, அதை வெச்சுப் பாருங்க. ரிவியூ டேபிள்ல போட்டா இந்தக் கார்டு 66ல இருந்து 74க்கு மோசமாயிடுச்சுன்னு வரும். நிஜத்துல இப்பதான் அது நல்ல கார்டு.

பெரிய சத்தம் போனதும் அதுக்கு அடில இருந்த சின்ன சத்தமெல்லாம் வெளில வந்துச்சு. மீட்டர் 34.6ன்னு அசையாம நிக்குது, ஆனா காதுக்கு "ஊம்... ஊம்..."ன்னு வினாடிக்கு ரெண்டு தடவை அலை மாதிரி ஏறி இறங்குது. ஒரு ஃபேனுக்கு 11 இறக்கை, 1480 ஆர்பிஎம்னா வினாடிக்கு 24.7 சுத்து, இறக்கைக் கணக்குல 271 ஹெர்ட்ஸ். நடு ஃபேன் மட்டும் தனி கனெக்டர்ல 1492ல ஓடிட்டு இருந்துச்சு, அதுக்கு 273.5 ஹெர்ட்ஸ். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2.2, அதுதான் அந்த ரெண்டு துடிப்பு, வீணைல ரெண்டு தந்தி சுருதி சேராம இருந்தா வருமே அதே அலை. நடு ஃபேனை மட்டும் 100 ஆர்பிஎம் கீழ வெச்சேன், அலை போயிடுச்சு, டெம்பரேச்சர்ல ஒரு டிகிரி கூட வித்தியாசம் தெரியல. டெசிபல் நம்பர் ஒண்ணா இருந்தாலும் ஒரு கார்டு தொந்தரவாவும் இன்னொண்ணு தொந்தரவில்லாமலும் இருக்குறதுக்கு இந்த மாதிரி விஷயம்தான் காரணம், அதனால மீட்டரை அணைச்சுட்டு கண்ணை மூடி அஞ்சு நிமிஷம் சும்மா கேக்குறதும் டெஸ்ட்ல ஒரு பாகமா இருக்கணும்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

காயில் வைன், அதாவது பவர் சர்க்யூட்ல இருக்குற சுருள் போடுற கீச்சுச் சத்தம், இருக்கான்னும் பாத்தேன். ஃபேன் சத்தமா காயில் சத்தமான்னு குழப்பம் வந்தா, லோடுல இருக்கும்போதே ஃபேன் வேகத்தை சில வினாடி மட்டும் இறக்கிப் பாருங்க, சத்தம் அப்படியே இருந்தா அது காயில். கேமோட மெனு ஸ்கிரீன்ல ஃப்ரேம் ரேட் நூத்துக்கணக்குல எகிறும்போது மெல்லிசா கீச்சுன்னு கேட்டுச்சு, ஃப்ரேம் ரேட் 120க்கு மேல போகாம கேப் போட்டதும் நின்னுடுச்சு. இதுக்கு கூலரைக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல, இண்டக்டர் வழியா போற கரண்ட் வேகமா மாறும்போது சுருள் அதிர்றதுதான் அது.

கேம் எதுவும் ஓடாத நேரத்துல (ஐடில்ல) வேற கதை. 50 டிகிரிக்குக் கீழ ஃபேன் நின்னுடுற கார்டு இது, ரெண்டு மானிட்டர்ல ஒண்ணு 144 ஹெர்ட்ஸ், அதனால மெமரி கிளாக் கீழ இறங்காம சும்மா இருக்கும்போதே கார்டு சூடாகுது, ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃபேன் படக்குன்னு கிளம்பி அரை நிமிஷம் ஓடி நிக்குது. நின்னு நின்னு கிளம்புற சத்தம், தொடர்ந்து மெதுவா ஓடுற சத்தத்தைவிட எனக்கு ரொம்பவே உறுத்தும். ஃபேன் நிறுத்தத்தை எடுத்துட்டு 30 சதவீதத்துல தொடர்ந்து ஓட விட்டோம், மீட்டர் பின்னணியைவிட ஒரு டெசிபல்தான் மேல காட்டுச்சு.

கார்டை நிக்க வெச்சு மாட்டினா என்ன ஆகும்னும் ஒரு ரன், ரெண்டு டிகிரிக்குள்ளதான் வித்தியாசம், ஹீட்பைப் ஒழுங்கா வேலை செய்யுது. இதை எதுக்கு பாக்கணும்னு கேப்பீங்க. 2022 டிசம்பர்ல வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ்ல, என்விடியாவோட போட்டி கம்பெனியான ஏஎம்டியோட சொந்த டிசைன் கார்டு சிலது, படுக்க வெச்சு மாட்டினா ஹாட்ஸ்பாட் 110 டிகிரிக்குப் போச்சு, வேப்பர் சேம்பருக்குள்ள (தண்ணி ஆவியாகி சூட்டைக் கடத்துற மூடிய உலோகத் தட்டு) தண்ணி போதுமான அளவு இல்லன்னு 2023 ஜனவரில ஏஎம்டியே ஒத்துக்கிச்சு. கார்டு நிக்கிற வாட்டத்தை மாத்தினதும் சூடு பெருசா மாறினா, குறை கூலருக்குள்ளயே இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் அண்டர்வோல்ட் பண்ணேன், அதாவது சிப்புக்குப் போற வோல்டேஜைக் குறைச்சேன், முதல்லயே பண்ணியிருந்தா மெமரி பிரச்சினையை அது மூடி மறைச்சிருக்கும். கோருக்குப் போற வோல்டேஜ் 1.0ல இருந்து 0.85க்கு இறங்கினா, அதே கிளாக்ல கோர் குடிக்கிற பவர் வோல்டேஜோட வர்க்கத்துக்குத் தக்க ஏறக்குறைய கால் பங்குக்கு மேல குறையும். மொத்த கார்டுக்கு 320ல இருந்து 265 வாட் பக்கம் வந்துச்சு, ஃப்ரேம் ரேட் நாலு சதவீதம் போச்சு, ஃபேன் 1250க்கு இறங்கிச்சு, மீட்டர் 31.5. தம்பி கார்டை மாட்டிட்டு ஃபோன் பண்ணான், "அண்ணே, ஃபேன் ஓடுதா இல்லையான்னு குனிஞ்சு பாத்தேன்"னான்.

மூணு மாசம் கழிச்சு அதே சீனை மறுபடி ஓட விட்டு லாக் அனுப்பச் சொன்னேன், பேஸ்ட் சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்கு வழியுற பிரச்சினை இந்த மாதிரி பெரிய சிப்புல சகஜம். மெமரி அப்படியே இருக்கு. ஹாட்ஸ்பாட் வித்தியாசம் 13 இருந்தது 16 ஆகியிருக்கு. 20 தாண்டினா பேஸ்டை எடுத்துட்டு ஃபேஸ் சேஞ்ச் ஷீட் (சூடானா இளகி இடைவெளியை நிரப்புற மெல்லிய தாள்) போடலாம்னு இருக்கோம், அதுவரைக்கும் மாசத்துக்கு ஒரு லாக் வந்துட்டு இருக்கும்.